பண்ணையில் விருந்தினர், வீட்டில் பிள்ளைகள்

"ரெண்டு ரூம் கட்டிவிட்டா போதுங்க, டவுன்லேர்ந்து சனி, ஞாயிறு வந்து தங்குவாங்க. நெல்லுல வராத காசு அதுல வந்துரும்." இயற்கை உழவர்கள் கூடும் இடங்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. குறிப்பாக, நகரத்து வேலையை விட்டுவிட்டு நிலத்துக்குத் திரும்பிய இளம் குடும்பங்கள் இதைக் கேட்கிறார்கள். பிள்ளைகள் மண்ணில் புரண்டு, மரமேறி, கன்றுக்குட்டியோடு வளரட்டும் என்றுதான் அவர்கள் வந்தார்கள். வருமானத்துக்கு ஒரு பக்கத்துணை வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் அந்தத் துணை உழவையும் பிள்ளைகளையும் விழுங்கிவிடக் கூடாது. செங்கல் இறக்குவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியவற்றை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

உழவு முதலில், அறை பிறகு

இத்தாலியில் பண்ணைத் தங்கலுக்கு 1985-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 2006-ல் வந்த புதிய சட்டமும் அதே அடிப்படையில்தான் நிற்கிறது: அங்கே வேளாண்மையே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும், விருந்தினரைத் தங்கவைப்பது அதைச் சார்ந்த வேலை. இதை அளக்க அவர்கள் வைத்திருக்கும் முக்கிய அளவுகோல் உழைப்பு நேரம். நம் பக்கத்தில் மகாராட்டிரம் இதில் முன்னோடி. பாராமதி வட்டாரத்தில் தொடங்கிய முயற்சிகளைத் தொடர்ந்து, 2020-ல் அந்த மாநில அரசு வேளாண் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது.

இத்தாலிக்காரர்களின் அளவுகோலை நாமும் எடுத்துக்கொள்ளலாம். வாரத்தில் எத்தனை மணி நேரம் வயலில், எத்தனை மணி நேரம் விருந்தினர் பின்னால் என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். இரண்டாவது கணக்கு முதல் கணக்கைத் தாண்டினால் அது பண்ணையாக இருக்காது, தோட்டம் வைத்த விடுதியாகிவிடும். களையெடுக்காத வயலையும் பராமரிப்பில்லாத மாட்டையும் பார்க்க யாரும் இரண்டாவது தடவை வரமாட்டார்கள்.

காசுக் கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் ஊர் விலைக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு அறை. மாதம் ஆறு இரவு இரண்டிலும் ஆள் இருக்கிறார்கள். ஓர் அறைக்கு நாலு பேர் கொண்ட குடும்பம், சாப்பாடு சேர்த்து ஓர் இரவுக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாத வரவு 30,000. இதில் சாப்பாட்டுச் செலவு ஆளுக்கு 250 வீதம் 12,000. துணி துவைக்க, அறை சுத்தம் செய்ய வரும் பெண்ணுக்குக் கூலி ஒரு தடவைக்கு 300 வீதம் 3,600. மின்சாரம், எரிவாயு, பழுதுபார்ப்பு 3,400. மிச்சம் 11,000 ரூபாய்.

"பரவாயில்லையே"ன்னு தோணும். இன்னும் முடியவில்லை. ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு வீட்டார் உழைப்பு ஐந்து மணி நேரம் என்றால் மாதம் 60 மணி நேரம். மணிக்கு 75 ரூபாய் கூலி போட்டாலும் 4,500 போய்விடும். உண்மையான மிச்சம் 6,500. இரண்டு அறை கட்ட 6 லட்சம் ஆனால், முதலைத் திரும்ப எடுக்கவே ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். இதற்காக வட்டிக்குக் கடன் வாங்குவது ஆபத்து.

அப்படியானால் லாபம் எங்கே? அரிசி மூட்டையில் இருக்கிறது. மாதம் வந்து போகும் 12 குடும்பங்களில் இரண்டு குடும்பம் மட்டும் உங்கள் நிரந்தர வாடிக்கையாளராக மாறினால் ஒரு வருடத்தில் 24 குடும்பம். குடும்பத்துக்கு மாதம் 10 கிலோ அரிசி என்றால் வருடத்துக்கு 2,880 கிலோ. நிலத்தைப் பொறுத்து இது ஏறக்குறைய மூன்று ஏக்கர் மரபு நெல்லின் விளைச்சல், இடைத்தரகர் இல்லாமல், நீங்கள் சொல்லும் விலைக்கு. எண்ணெய், பயறு, முட்டை, மஞ்சள் எல்லாம் அதற்கு மேல். விளைந்த வயலைக் கண்ணால் பார்த்தவர் விலையில் பேரம் பேசுவது குறைவு. ஆகவே தங்கும் அறையை நேரடி விற்பனைக்கான வாசல் என்று நினைத்துத் திட்டமிடுங்கள்.

பருவமும் பள்ளிக்கூட நாட்காட்டியும்

விருந்தினருக்கு விடுமுறை கிடைக்கும் நாளும் நமக்கு வேலை நெருக்கும் நாளும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். பொங்கல் விடுமுறையில் சம்பா அறுவடை நெருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாதை சேறாகி வண்டி சிக்கும். கோடை விடுமுறையில் மாம்பழமும் நுங்கும் உண்டு, கிணற்றில் தண்ணீர் இருக்காது.

ஆகவே ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் மூன்று நிறத்தில் குறியுங்கள். நடவு, அறுவடை நாட்கள் ஒரு நிறம். பிள்ளைகளின் தேர்வு நாட்கள் இன்னொன்று. மாதத்தில் ஒரு வார இறுதி முழுக்கக் குடும்பத்துக்கு மட்டும், அது மூன்றாவது. இந்த மூன்றும் போக மிச்சம் உள்ள நாட்களே விருந்தினருக்கு. "ஒரே ஒரு நாளுங்க, எப்படியாவது"ன்னு போனில் கெஞ்சுவார்கள். இல்லை என்று சொல்லப் பழகத்தான் வேண்டும்.

பிள்ளைகள் காட்சிப்பொருள் அல்ல

வெளியில் விளையாடி வளரும் பிள்ளைகளுக்கு விருந்தினரின் பிள்ளைகள் வருவது பெரிய கொண்டாட்டம். பறவைக் கூடு இருக்கும் மரம், மீன்கொத்தி உட்காரும் கிளை, புளியங்காய் உலுக்கும் வித்தை என்று எல்லாவற்றையும் அவர்களே காட்டுவார்கள். இது அவர்களாக விரும்பிச் செய்தால் அழகு. "போய்ப் பாட்டுப் பாடிக் காட்டு", "அங்கிளுக்கு மாடு கறந்து காட்டு" என்று நாம் ஏவினால் அது வேலை. வீட்டிலேயே வேலைக்காரராக உணரும் பிள்ளை கொஞ்ச நாளில் பண்ணையையே வெறுக்கும். அடுத்த தலைமுறை மண்ணில் நிற்க வேண்டும் என்று நினைக்கும் நமக்கு இதைவிடப் பெரிய இழப்பு எது?

சில ஏற்பாடுகள் உதவும். வீட்டின் ஒரு பகுதியும், ஒரு மரமும், ஒரு சிறு பாத்தியும் பிள்ளைகளுக்கு மட்டும் சொந்தம். அங்கே விருந்தினர் போகக் கூடாது. வீட்டாரின் இரவுச் சாப்பாடு தனியாக, ஒன்றாக. இரவு ஒன்பது மணிக்கு மேல் பாட்டுச் சத்தம் இல்லை. குழந்தைகள் இருக்கும் வீடு, ஆகவே மது இல்லை. இதை முன்பதிவின்போதே எழுத்தில் அனுப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

ஒன்றைத் தயங்காமல் பேச வேண்டும். வருகிறவர்கள் எவ்வளவு நல்லவர்களாகத் தெரிந்தாலும் நமக்கு அறிமுகம் இல்லாதவர்கள். பிள்ளையைத் தனியாக அவர்கள் அறைக்கு அனுப்புவதோ, அவர்கள் வண்டியில் ஏற்றிவிடுவதோ கூடாது. கேட்காமல் பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது. இதை விருந்தினரிடம் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. "யார் தொட்டாலும், எது பிடிக்கலைன்னாலும் உடனே அம்மா அப்பாகிட்ட சொல்லணும்" என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 வீட்டுச் சுவரில் இருக்கட்டும்.

ஆபத்து இருக்கும் இடங்கள்

நம் பிள்ளைக்குக் கிணறு எங்கே, மாடு எப்போது முட்டும் என்று தெரியும். நகரத்துப் பிள்ளைக்குத் தெரியாது. அவன் ஓடுகிற பக்கம் நம் பிள்ளையும் ஓடும். ஆகவே முதல் விருந்தினர் வருவதற்கு முன் முடிக்க வேண்டியவை இவை:

கிணறு: நாலு அடி கைப்பிடிச் சுவர், மேலே இரும்பு வலை.

பண்ணைக்குட்டை: பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டை மிக ஆபத்தானது. சரிவில் பாசி படிந்து வழுக்கும், விழுந்தவர் ஏற முடியாது. சுற்றி வேலியும் பூட்டிய படலும் வேண்டும். முடிச்சுப் போட்ட கயிறுகளை நாலு பக்கமும் கட்டித் தொங்கவிடுங்கள்.

இயந்திரம்: புல் வெட்டும் இயந்திரம், மோட்டார் பெட்டி, டிராக்டர் சாவி எல்லாம் பூட்டுக்குள். அறைகளுக்கு மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் கருவி கட்டாயம்.

மாடு, நாய்: ஈன்ற மாட்டின் பக்கம் யாரையும் விடாதீர்கள். நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி.

பாம்பு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் நம் நிலங்களில் உள்ளவை. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலி பெரிதாகத் தெரியாமலும் போகலாம். ஆகவே கட்டில், நன்றாகச் செருகிய கொசுவலை, இரவில் டார்ச் விளக்கு. அறைச் சுவரை ஒட்டி விறகும் மூடாக்குக் குவியலும் வேண்டாம், எலி வந்தால் பாம்பும் வரும். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யாமல், கடிபட்ட பாகத்தை அசைக்காமல் 108-ஐ அழைத்து நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது எந்த மருத்துவமனை, எவ்வளவு தூரம் என்று முன்கூட்டியே விசாரித்து எழுதி வையுங்கள்.

தண்ணீரும் கழிப்பறையும்

ஊரகக் குடிநீர்த் திட்டத்தின் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நகரத்துக் கணக்கு 135 லிட்டர். எட்டு விருந்தினர் நகரத்துப் பழக்கத்தில் குளித்தால் ஒரு நாளைக்கு 1,000 லிட்டருக்கு மேல். பூந்தூவிக் குழாய் வைக்காமல் வாளியும் செம்பும் வைத்தாலே பெருமளவு மிச்சமாகும். குளித்த தண்ணீரைக் கல்வாழை வைத்த மணல் பாத்தி வழியாக விட்டு வாழைக்குப் பாய்ச்சலாம். அதற்கு ரசாயனக் குளியல் பொருட்கள் வரக் கூடாது. சீயக்காய், பாசிப்பயற்று மாவு, நல்ல சோப்பு ஆகியவற்றை அறையில் நீங்களே வைத்துவிடுங்கள்.

கழிப்பறைக்கு இரட்டைக் குழி முறை எளிது. ஒரு குழி நிறைந்ததும் அடுத்ததற்கு மாற்றிவிட்டு முதல் குழியை ஒன்றரை ஆண்டு மூடி வைத்தால் மட்கி எருவாகிவிடும். கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். குளிர்சாதனம் இல்லை என்று விருந்தினர் கோபப்படுவது குறைவு. கழிப்பறை சுத்தமில்லை என்றால் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள்.

சமையலறையில் யார் நிற்கிறார்கள்?

விருந்தோம்பல் என்று பெருமையாகப் பேசுகிறோம். நடைமுறையில் அது வீட்டுப் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. காலையில் மாடு, பிள்ளைகள், களை; பிறகு எட்டுப் பேருக்கு இட்லி. ஆண்கள் வரப்பில் நின்று விருந்தினருக்கு அமுதக்கரைசல் பற்றி வகுப்பெடுப்பார்கள். இது நீடிக்காது. சமையலுக்கு ஊரில் ஒரு அக்காவை நியாயமான கூலிக்கு அமர்த்துங்கள், பாத்திரமும் படுக்கையும் வீட்டு ஆண்கள் பொறுப்பு. விளைவதே உணவு என்று முடிவு செய்யுங்கள்: மாப்பிள்ளைச் சம்பாக் கஞ்சி, கீரைக் கடைசல், மோர், வேர்க்கடலைத் துவையல். பட்டியல் சிறிதாக இருந்தால் கை ஓயாது.

ஊரையும் மறக்க வேண்டாம். பால், முட்டை, இளநீர் நம்மிடம் போதாவிட்டால் பக்கத்துப் பண்ணையில் வாங்குங்கள். நடவு நடும் பெண்களைக் கேட்காமல் படமெடுப்பது, வரப்பில் கார் ஏற்றுவது போன்றவற்றை முதலிலேயே தடுத்துவிடுங்கள். விருந்தினர் இரண்டு நாளில் போய்விடுவார். அக்கம்பக்கத்தோடு நாம் ஆயுசுக்கும் வாழ வேண்டும்.

காகித வேலைகள்

பம்புசெட்டுக்கான இலவச மின்சாரத்தை அறைகளுக்கு இழுக்கக் கூடாது, தனி இணைப்பு வாங்குங்கள். அறை வாடகை வேளாண் வருமானம் ஆகாது, வருமானவரிக் கணக்கில் தனியாகக் காட்ட வேண்டும். கட்டடத்துக்கு ஊராட்சி அனுமதி, காசுக்குச் சமைத்துப் போடுவதற்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு தேவை. ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்கல் திட்டத்தில் 1 முதல் 6 அறை வரை பதியலாம், உரிமையாளர் குடும்பம் அங்கேயே வசிக்க வேண்டும். வருகைப் பதிவேடும் அடையாள அட்டை நகலும் அவசியம். வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். "இயற்கை விளைபொருள்" என்று சொல்லி விற்க, ஐந்து உழவர்கள் சேர்ந்து பங்கேற்பு உத்தரவாதச் சான்று எடுத்துக்கொள்வது நல்லது.

எப்படித் தொடங்குவது?

கட்டடம் கட்டாமல் தொடங்குங்கள். முதலில் ஒரு பகல் மட்டும், தெரிந்த நாலு குடும்பம். காலையில் வந்து, வயலில் நடந்து, சாப்பிட்டு, மாலையில் போகட்டும். இப்படி ஆறு தடவை நடத்திப் பாருங்கள். பிறகு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளைகளையும் கேளுங்கள். "அவங்க எப்பம்மா திரும்ப வருவாங்க?"ன்னு கேட்டால் ஓர் அறை கட்டலாம். "இன்னைக்கும் யாராச்சும் வராங்களா?"ன்னு முகம் சுளித்தால், பகல் வருகையோடும் அரிசி விற்பனையோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவே பண்ணைக்கு நல்ல வருமானம்தான்.