சோளம் தனித்து வாழாத பயிர்

மாரி மழை தொடங்கியதும் வளவின் வேலியோரம் நாலைந்து சோளம் ஊன்றுவது எமது வன்னி மண்ணின் பழைய வழக்கம். பிள்ளைகள் சுட்டும் அவித்தும் தின்ன அது போதும். முற்றிய பொத்திகளில் நல்லவை விதைக்காகக் குசினி அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும். 2008இன் இறுதியிலும் 2009இன் தொடக்கத்திலும் ஒட்டுசுட்டான் மக்கள் இடம்பெயர்ந்தபோது அந்தப் பொத்திகள் தொங்கிய இடத்திலேயே போயின. திரும்பி வந்தபோது பலருக்குக் கைக்கெட்டியது கடை விதையே.

கடையின் கலப்பின விதை நல்ல விளைச்சல் தரும். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அதன் மணியை மறுபோகம் விதைத்தால் தாயைப்போல் பிள்ளை வராது, விளைச்சலும் விழும். ஆகவே போகந்தோறும் விதைக்குப் பணம் வேண்டும். நாட்டுச் சோளமோ, விவசாயத் திணைக்களம் வெளியிட்ட ருவன், பத்ரா போன்ற இனங்களோ அப்படியல்ல. அவற்றின் விதையை நாமே எடுத்து வைக்கலாம்.

நாம் விட்ட பிழை

ஒரு குடும்பத்திடம் எஞ்சியிருந்த வெள்ளைச் சோளத்தில் ஒரேயொரு பொத்தியை வாங்கி, வேலியோரம் ஒரே வரிசையாக ஊன்றினோம். பாதிப் பொத்திகளில் மணி பிடிக்கவில்லை. மற்றவற்றில் வெள்ளை மணிகளுக்கிடையே மஞ்சள் மணிகள். பக்கத்து வளவில் கடைச் சோளம் நின்றதை நாம் கவனிக்கவில்லை.

சோளத்தின் உச்சிப் பூவிலிருந்து மகரந்தம் காற்றில் பறக்கிறது. பொத்தி நுனியில் தொங்கும் ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு மணிக்குரியது. மகரந்தம் படாத நூலுக்கு மணி இல்லை. எனவே ஒரே நீள வரிசையாக அன்றி, நான்கு வரிசைக்குக் குறையாமல் சதுரமாக, இரண்டடிக்கு ஓரடி இடைவெளியில் ஊன்றுங்கள். வேறினச் சோளம் இருநூறு மீற்றருக்குள் நின்றால், மூன்று நான்கு வாரம் முந்தியோ பிந்தியோ விதையுங்கள். 2018இல் எமது நாட்டுக்கு வந்த படைப்புழு குருத்தில் தென்பட்டால், புழுவைப் பொறுக்கி அழித்து, குருத்துக்குள் சிறிது சாம்பல் இடலாம்.

பொத்தி தெரிவு

விதைக்குரிய செடிகளை, அவை பச்சையாக நிற்கும்போதே துணி கட்டி அடையாளமிடுங்கள். இல்லாவிட்டால் நல்ல பொத்திகளே முதலில் அடுப்புக்குப் போகும். நோயின்றி நிமிர்ந்து நிற்பவற்றை, பாத்தியின் நடுவிலிருந்து தெரிவு செய்யுங்கள். மடல் காய்ந்து, மணியின் அடியில் கரும்புள்ளி தெரிந்தால் முறிக்கலாம். மடலை உரித்துப் பின்னி, காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். கடித்தால் மணி நசுங்காமல் உடைய வேண்டும். அதன்பின் உதிர்த்து, சாம்பலும் உலர்ந்த வேப்பிலையும் சேர்த்து இறுக மூடி வையுங்கள். பூஞ்சணம் பிடித்த மணியை உண்ணவும் வேண்டாம், கோழிக்குப் போடவும் வேண்டாம்.

ஊர் கூடிக் காக்கும் விதை

எமது பெரிய பிழை ஒரு பொத்தியோடு தொடங்கியதே. ஒரு சில செடிகளிலிருந்தே தொடர்ந்து விதை எடுத்தால் சோளம் வலுவிழந்து குறுகிவிடும். நூறு செடிகளின் விதையாவது கலந்திருப்பது நல்லது. சிறு வளவுக்குள் ஒரு குடும்பம் தனியே இதைச் செய்ய முடியாது. பத்துக் குடும்பங்கள் பத்துப் பத்துப் பொத்திகள் கொண்டுவந்தால் முடியும். ஊர் சிதறும்போது விதை கெடுவதும் இதனாலேயே.

எம்மைப்போல் சிதறியவர்கள் வேறிடத்திலும் உண்டு. அமெரிக்காவின் செரோக்கி பழங்குடியினர் 1838இல் தமது நிலத்திலிருந்து விரட்டப்பட்டனர். வழியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். ஆயினும் அவர்களது சோளம் அழியவில்லை. 2020இல் நோர்வேயின் சுவால்பார்ட் விதைக் காப்பகத்தில் தமது பாரம்பரிய விதைகளை அவர்கள் வைத்தபோது, வெள்ளைக் கழுகுச் சோளமும் அவற்றில் இருந்தது.

எமக்குப் பனிமலைக் காப்பகம் வேண்டியதில்லை. இந்த அறுவடையில் அயலவரோடு கூடி, பொத்திகளை உதிர்த்துக் கலந்து, பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு பங்கை வேறு கிராமத்திலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். ஒரே வீட்டில் இருக்கும் விதை ஒரே நாளில் போய்விடும் என்பதை எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.