ஒளிஞ்சிருக்கியா மச்சி?

மெசேஜ் அனுப்பி அரை மணி நேரமாச்சு. ரெண்டு டிக் விழுந்தாச்சு. ஆனா, 'ஆன்லைன்'னு மட்டும் காட்டவே மாட்டேங்குதுன்னு மண்டை காயறவரா நீங்க?

இன்விசிபிள் மோடுக்கு சூப்பர் சீனியர் எங்க காஞ்சிபுரத்துலதான் இருக்கார். வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துக்குள்ளே இருக்குற அத்தி வரதர்! 1979-க்கு அப்புறம் 2019-ல்தான் வெளியே வந்தார். அதுவும் 48 நாள். அடுத்து 2059!

அண்ணன்கள் காலத்து யாகூ மெசஞ்சர்ல இன்விசிபிள் போட்டவரை, 'டூடுல்' திறந்து பார்த்தே கண்டுபிடிச்சிடுவாங்களாம். அதை 2018-ல் மூடிட்டாங்க.

வாட்ஸ்அப்ல ஆன்லைனை மறைக்கிற வசதி 2022-ல் வந்தது. இதுல ஒரு செக் இருக்கு பாஸ்... நீங்க மறைச்சா, அடுத்தவங்களோடதும் உங்களுக்குத் தெரியாது. ரெண்டு டிக்குன்னா, மெசேஜ் போனுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். ஆனா, நீல டிக்கை ஆஃப் பண்ணவங்களும் குரூப்ல தப்ப முடியாது. நீங்க குரூப்ல போட்ட மெசேஜை அழுத்திப் பிடிச்சு 'இன்ஃபோ' போங்க. யார், எப்போ படிச்சாங்கன்னு நேரத்தோட இருக்கும். இது நேர்வழி!

'ஒளிஞ்சிருக்கவங்களைக் காட்டுறோம்'னு வர்ற ஆப்ஸ் பக்கம் மட்டும் போயிடாதீங்க. மறைச்சவரோட ஆன்லைன் தகவலை சர்வரே உங்க போனுக்கு அனுப்பாது. வராததை ஆப் எங்கிருந்து காட்டும்? அவங்க நீட்டுற க்யூஆர் கோடை உங்க வாட்ஸ்அப்ல ஸ்கேன் பண்ணா, உங்க சாட்தான் அவங்க கம்ப்யூட்டர்ல திறக்கும். ஓடிபி கொடுத்தா அக்கவுன்ட்டே போச்சு!

அவ்வளவு சந்தேகமா இருந்தா ஒரு கால் போட்டுக் கேட்டுடுங்க. எடுக்கலையா... விடுங்க பாஸ், அவருக்கும் அரியர் இருக்கும்!