இணையத்தின் தோம்பு யார் கையில்?



ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரங்களை ஆண்ட காலத்தில், இன்ன காணி இன்னாருக்கு உரியது என்று எழுதிவைத்த பதிவேட்டைத் தோம்பு என்று வழங்கினர். தோம்பை எழுதுபவன் காணிக்கு உடையவனும் அல்லன். அதனை உழுது பயிரிடுபவனும் அல்லன். ஆயினும், அவன் ஏட்டிலே ஒரு பெயர் விடுபட்டுப் போனால், ஒரு குடும்பத்தின் உரிமையே ஆட்டங்கண்டுவிடும். ஏட்டைக் காப்பவனிடம் ஆளும் வலிமையும் ஓரளவு தங்கியிருக்கிறது.

இணையத்தை அரசன் இல்லாத நாடு என்று கூறுவர் சிலர். அந்நாட்டிற்கும் ஒரு தோம்பு உண்டு என்பதையும், அது 2019ஆம் ஆண்டில் விலைபேசப்பட்ட வரலாற்றையும் இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

இணையத்தில் இணைந்துள்ள கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறிகின்றன. நீண்ட எண்களை மனத்தில் இருத்துவது மாந்தருக்கு அரிது. ஆதலால், 1983ஆம் ஆண்டில் பெயர்முறை ஒன்று வகுக்கப்பட்டது. நாம் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தவுடன், அப்பெயருக்குரிய எண் யாது என்பதைப் பதிவேட்டின் வழியே கேட்டறிந்த பின்னரே நமது கணினி அத்தளத்தை நாடிச் செல்கிறது. பதிவேட்டில் பெயர் இல்லையேல், தளம் இருந்தும் இல்லாதது போன்றதே. மேலும், இப்பெயரை எவரும் அறுதியாக விலைக்கு வாங்க இயலாது. குறித்த காலத்துக்குக் கட்டணம் செலுத்திக் குத்தகைக்கு எடுப்பது போலவே பெற இயலும்.

தொடக்கத்தில் இப்பெயர்களையும் எண்களையும் ஒழுங்குபடுத்தும் பணியைத் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து அறிஞர் ஜோன் போஸ்டெல் முன்னின்று நடத்தினார். இணையம் வளர்ந்து வாணிபம் பெருகவே, 1998ஆம் ஆண்டில் ஐக்கான் என்னும் இலாபநோக்கற்ற தாபனம் கலிபோர்னியாவில் நிறுவப்பட்டது. அமெரிக்க அரசாங்கம் அதன்மீது கொண்டிருந்த மேற்பார்வையும் 2016ஆம் ஆண்டு ஒற்றோபரில் முடிவுற்றது. ஐக்கானிடம் படையும் இல்லை, வரி விதிக்கும் அதிகாரமும் இல்லை. பதிவகங்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தமே அதன் செங்கோல்.

பெயர்களின் ஈற்றில் வரும் எழுத்துக்களை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். வாணிப நிலையங்கள் பெரும்பாலும் டொட் கொம் என்பதைக் கொள்ளும். அறநிலையங்களும் பொதுப்பணி மன்றங்களும் டொட் ஓர்க் என்பதைக் கொள்ளும். தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்துப் பேணும் நூலகம் என்னும் தளமும் இவ்வீற்றையே கொண்டவை. 1985ஆம் ஆண்டில் தோன்றிய டொட் ஓர்க்கின் பதிவேட்டை, 2003 முதல், பொதுநலப் பதிவகம் என்னும் இலாபநோக்கற்ற தாபனம் பேணி வருகிறது. அதன் தாய்த் தாபனம் இணையச் சங்கம்.

2019 யூன் மாதம் வரையில், இப்பதிவகம் தன் கட்டணத்தை ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதத்துக்கு மேல் உயர்த்தலாகாது என்று ஒப்பந்தம் தடுத்திருந்தது. பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் எழுதினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அத்தடை நீடிக்கவேண்டும் என்றே வற்புறுத்தினர். ஆயினும் ஐக்கான் அதனை நீக்கியது. அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே, ஈதொஸ் கப்பிற்றல் என்னும் தனியார் முதலீட்டுக் கம்பனிக்குப் பதிவகத்தை 113 கோடியே 50 இலட்சம் டொலருக்கு விற்க இணையச் சங்கம் இணங்கிய செய்தி வெளியாயிற்று. ஒரு கோடிக்கு மேற்பட்ட பெயர்களைக் கொண்ட தோம்பு கைமாற இருந்தது.

விற்க முனைந்தோர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. இணையச் சங்கத்தின் வருவாயிற் பெரும்பகுதி இவ்வொரு பதிவகத்திலிருந்தே வந்தது. விற்ற பணத்தை முதலாக வைத்தால் நிலையான வருவாய் கிட்டும் என்று அவர்கள் கருதினர். வாங்க வந்தோரும், எட்டு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் சராசரி நூற்றுக்குப் பத்து வீதத்துக்கு மேல் கட்டணம் உயராது என்று வாக்களித்தனர். ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள்: ஆண்டுதோறும் பத்து வீதம் கூடினால், எட்டாம் ஆண்டின் இறுதியில் கட்டணம் இருமடங்குக்கு மேலாகிவிடும்.

கட்டணத்தினும் பெரியதோர் அச்சமும் இருந்தது. ஒரு தளத்தின் பெயரை இடைநிறுத்தும் ஆற்றல் பதிவகத்துக்கு உண்டு. மனித உரிமைக்காக வாதாடும் ஒரு மன்றத்தின் பெயரை நிறுத்தும்படி செல்வாக்குள்ளோர் நெருக்கினால், இலாபத்தைக் கணக்கிடும் கம்பனி அந்நெருக்கத்துக்கு ஈடுகொடுக்குமா? இவ்வினாவை எழுப்பிய பொதுப்பணி மன்றங்கள், 2020 சனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஐக்கானின் அலுவலக வாயிலில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தன. ஏப்பிரில் மாதத்தில் கலிபோர்னியாவின் சட்டமா அதிபரும், இவ்விற்பனைக்கு இசையவேண்டாம் என்று ஐக்கானுக்கு எழுதினார். ஏப்பிரில் 30ஆந் திகதி ஐக்கான் தன் சம்மதத்தை மறுத்தது. பொதுநலத்துக்கென நின்ற தாபனம் முதலீட்டாளரின் இலாபத்துக்குக் கடமைப்பட்டதாக மாறுவதையும், விற்பனையின் பொருட்டு அதன் தலையில் 36 கோடி டொலர் கடன் ஏற்றப்படுவதையும் அது காரணங்களாகக் காட்டியது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? அந்த ஒரு கோடிப் பெயர்களுக்கு உரியவர்களிடம் வாக்குச்சீட்டு இருக்கவில்லை. மூவாயிரம் பேர் எழுதியும் கட்டணத் தடையைக் காக்க முடியவில்லை. விற்பனை தடைப்பட்டதற்கு இரண்டு காரணங்களைக் கூறலாம். பதிவகம் கைமாறுவதற்கு ஐக்கானின் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது ஒன்று. அவ்வாசகத்தைப் பயன்படுத்துமாறு மக்களும் சட்ட அதிகாரியும் விடாது வற்புறுத்தியது மற்றொன்று. வாசகம் மாத்திரம் இருந்து, கேட்பார் இல்லாதிருந்தால், ஏடு கைமாறியிருத்தலும் கூடும்.

நம் முன்னோர் தம் காணி உறுதியைப் பெட்டகத்திற் பூட்டிவைத்ததோடு அமையவில்லை. தோம்பிலே தம் பெயர் சரியாக உள்ளதா என்பதிலும் கண்ணாயிருந்தனர். நம் நூல்களும் நினைவுகளும் இணையத்திற் குடியேறிவிட்ட இந்நாளில், அவற்றின் முகவரி எழுதப்பட்ட ஏடு யாரிடம் உளது, எந்த ஒப்பந்தத்தின் கீழ் உளது என்று வினவுதல், பயன்படுத்துவோர் அனைவருக்கும் உரிய கடமையாகும்.