கச்சான் என்றால் காற்றா, கடலையா?

திருகோணமலைக் கடற்கரையில் ஒருவர் "கச்சான் எழும்பிட்டுது" என்றால் தென்மேற்குக் காற்றைச் சொல்கிறார். கோயில் திருவிழாவில் பிள்ளை "கச்சான் வாங்கித் தாங்கோ" என்றால் அது வறுத்த கடலை. நமக்குக் குழப்பமில்லை. கணினிக்கு?

செயற்கை நுண்ணறிவு இணையத்தில் கிடக்கும் கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்து, எந்தச் சொல்லோடு எந்தச் சொல் வருகிறது என்று பழகுகிறது. வள்ளம், அலை, வலை பக்கத்தில் வந்தால் காற்று. உப்பு, வறுத்த, சுருள் வந்தால் கடலை. அப்படி எழுதியவை போதாவிட்டால் தெரியாது என்று ஒதுங்காமல், பொருந்துவதுபோல் தோன்றுவதைப் பல வேளைகளில் துணிந்து சொல்லிவிடும்.

ஆபத்து என்ன?

கடல் நிலைமையைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வள்ளம் இறக்குவது உயிரோடு விளையாடுவது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பாருங்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம், இலக்கம் 117.

அடுத்தது அந்தரங்கம். புதிய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் ஏழு எண்களே பிறந்த ஆண்டையும் நாளையும், ஆணா பெண்ணா என்பதையும் காட்டிவிடும். அந்த இலக்கங்கள் உள்ள நிவாரணப் பட்டியலை அப்படியே பேஸ்புக்கில் போட்டால் அது யார் கைக்கும் போகும், கணினியின் பயிற்சிக்கும் போகலாம். கணினி ஒருமுறை படித்துப் பழகியதிலிருந்து ஒருவரின் விவரத்தை மட்டும் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

உரிமை என்ன?

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம் தரவைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கக் கோரவும் இடம் வகுக்கிறது. அதன் பகுதிகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகின்றன. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் எழுதிய கதையும் கட்டுரையும் பதிவு செய்யாமலே உங்களுடையவை. ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். கரைவலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டுப் போன்ற நாட்டார் வழக்குகளுக்கும் அச்சட்டத்தில் பாதுகாப்புண்டு. கணினிக்குக் கற்பிக்க இப்படிப்பட்ட ஆக்கங்களை அனுமதியின்றி எடுக்கலாமா என்ற வாதம் உலகெங்கும் நடக்கிறது. நியூயோர்க் டைம்ஸ் 2023 டிசம்பரில் சட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் மீது வழக்கே தொடுத்தது.

செய்ய வேண்டியவை

குடும்பப் படங்களையும் விவரங்களையும் 'நண்பர்களுக்கு மட்டும்' என்று மாற்றுங்கள். சட்ஜிபிடியின் அமைப்புகளில், உங்கள் உரையாடலைப் பயிற்சிக்கு எடுக்கும் வசதியை நிறுத்தி வையுங்கள். அடையாள அட்டை, வங்கி, மருத்துவ விவரங்களை அதில் தட்டாதீர்கள். அது சொல்லும் சட்டத்தையும் மருந்தையும் தெரிந்தவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

மறைக்க வேண்டியதை மறைப்பதோடு, சொல்ல வேண்டியதைச் சொல்லவும் வேண்டும். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதலும், ஈழத்து நூல்களைச் சேர்க்கும் 'நூலகம்' இணையத்தளம் 2005 முதலும் திறந்திருக்கின்றன. கச்சான் எப்போது எழும்பும், அப்போது எந்த மீன் படும் என்பது மூத்த சம்மாட்டிமாருக்குத் தெரியும். அவர்களின் சம்மதத்தோடு, அவர்கள் பேச்சிலேயே எழுதி வையுங்கள். நாம் எழுதாத கச்சானைக் கணினி கடலை என்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்.