பாரைப் பார்த்த பின்னரே சலாபம்

கரையோரக் கணினி – 14

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்துவந்த காலத்தில், இந்த ஆண்டு சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, உண்டா இல்லையா என்பதை எவருடைய ஊகமும் தீர்மானித்ததில்லை. தோலாயிரம் பார் முதலிய கடலடித் திட்டுகளுக்கு அரசாங்க அதிகாரிகள் குளியாட்களை அழைத்துச் சென்று, மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்துவந்து, அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களைத் தரம் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிட்ட பின்னரே சலாப அறிவிப்பு வெளியாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பொறுப்பை வகித்த ஜேம்ஸ் ஹார்னெல் போன்றவர்களுக்கு இந்தப் பரிசோதனை உத்தியோகத்தின் பிரதான அங்கமாகவே இருந்தது. சிப்பி முதிரவில்லை என்று தெரிந்தால், கரையில் எத்தனை படகுகள் காத்திருந்தாலும் அந்த வருஷம் சலாபம் கிடையாது. இங்கே கடைசிச் சலாபம் 1961இல் நடந்தேறியது.

சென்ற வாரம் பெர்ல் மொழியில் ஒரு வலைச் செயலியை எழுதும் விதத்தைப் பார்த்தோம். சலாபத்துக்கு முன் பாரைப் பார்த்ததுபோல், எழுதியது சரிதானா என்று தானே பரீட்சித்துச் சொல்லும் நிரல்களை எழுதுவதும், அவற்றை இடைவிடாது ஓட்டுவதும் இவ்வாரத்து விஷயம்.

பெர்ல் இவ்விஷயத்தில் பழைய சம்பிரதாயம் உடையது. 1987 டிசம்பரில் லாரி வால் அம்மொழியின் முதற் பதிப்பை வெளியிட்டபோதே, அதனோடு ‘டி’ என்ற ஒற்றையெழுத்துப் பெயருடைய அடைவில் சோதனை நிரல்களும் சேர்ந்தே வந்தன. இத்தனை சோதனைகள் என்று முதலில் அறிவித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ‘ஓகே’ அல்லது ‘நாட் ஓகே’ என்று ஒரு வரி அச்சிடுவதே அவற்றின் முறை. அந்த எளிய வழக்கம் பிற்காலத்தில் ‘டாப்’ என்ற பெயரில் வேறு மொழிகளுக்கும் பரவியது. 2001இல் மைக்கேல் ஷ்வெர்ன் ‘டெஸ்ட்::மோர்’ என்ற தொகுதியை எழுதிய பிறகு, எதிர்பார்த்த விடையையும் கிடைத்த விடையையும் ஒரே வரியில் ஒப்பிடுவது எவர்க்கும் சாத்தியமாயிற்று. பெர்ல் தொகுதிகளின் பொதுக் களஞ்சியமாகிய சீபானில் ஒருவர் எதை இட்டாலும், அதை உலகின் பல மூலைகளில் பல்வேறு கணினிகளில் ஓட்டிப் பார்த்துத் தேறியதா தவறியதா என்று தெரிவிக்கும் தொண்டர் குழு ஒன்று 1998 முதல் இயங்கிவருகிறது.

வலைச் செயலிக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் புழங்கும் ‘கோஹா’ என்ற நூலகச் செயலி, பெர்லில் எழுதப்பட்டது. நியூசிலாந்தில் பிறந்து, 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. புத்தகம் இரவல் கொடுப்பது, தாமதத்துக்கு அபராதம் கணக்கிடுவது போன்ற காரியங்களைச் சோதிக்க உண்மையான தரவுத்தளம் வேண்டும். ஆனால் சோதனைக்காகப் புகுத்திய பொய் வாசகர்கள் அதிலேயே தங்கிவிடக் கூடாது. ஆகவே அதன் சோதனைகள் தொடக்கத்தில் ஒரு பரிவர்த்தனையைத் திறந்து, வேண்டியதையெல்லாம் செய்து பார்த்து, முடிவில் அனைத்தையும் ரத்து செய்துவிடுகின்றன. வலைவழிக் கோரிக்கைகளைச் சோதிக்க உலாவியைத் திறக்க வேண்டியதில்லை. ‘டெஸ்ட்::மோஜோ’ என்ற தொகுதி தானே கோரிக்கையை அனுப்பி, நிலைக்குறி 200தானா, உள்ளடக்கம் எதிர்பார்த்ததுதானா என்று பார்த்துச் சொல்லிவிடும். திருத்தம் எழுதியவரே அதற்கு ஒப்பமிட முடியாது என்பதும், வேறொருவர் ஓட்டிப் பார்த்து ஒப்பமிட்ட பிறகு தரப் பரிசோதகர் ஒருவர் மீண்டும் பார்ப்பார் என்பதும் கோஹாவின் நியதி.

இனி, நமக்கே உரிய ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். ‘முத்து’ என்ற சொல்லில் நம் கண்ணுக்கு 3 எழுத்துகள். யூனிகோடு கணக்கில் 6 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது 18 பைட்டுகள். உள்ளே வந்த எழுத்தைச் செயலி முறைப்படி குறிநீக்கிக்கொள்ளாவிட்டால், நீளம் கேட்கும்போது பெர்ல் 6 என்னாமல் 18 என்றே சொல்லும். பத்துக்கு மேல் வெட்டு என்று எழுதியிருந்தால் எழுத்தின் நடுவிலேயே வெட்டு விழும். இதைவிட நுட்பமானது கொற்கையின் கதை. பாண்டியரின் பழைய முத்துத் துறைமுகமாகிய அவ்வூரின் முதலெழுத்தை, ‘ஒ’கரக் குறியை ஒரே குறியாக இட்டும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்து இரு குறிகளாக இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. குறிக்குக் குறி ஒப்பிடும் பெர்லுக்கோ அவை இருவேறு சொற்கள். ஆதலால் ஒருவர் ஒருவிதமாகப் பதிந்த புத்தகம், மற்றொருவிதமாகத் தட்டச்சு செய்து தேடுபவருக்கு அகப்படாமல் போகக்கூடும். ‘யூனிகோட்::நார்மலைஸ்’ என்ற தொகுதியால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது பரிகாரம். அந்தப் பரிகாரம் நாளைய திருத்தத்தில் தொலைந்துபோகாமல் காப்பது, இரு வடிவத்திலும் கொற்கையைத் தேடி ஒரே புத்தகம் வருகிறதா என்று கேட்கும் ஒரு சோதனை.

எழுதிய சோதனைகளை ஓட்டுவது சுலபம். ‘ப்ரூவ்’ என்ற கட்டளை அவற்றை ஒவ்வொன்றாக இயக்கி, தவறியவற்றை மட்டும் எடுத்துக்காட்டும். வரிசையைக் கலைத்து ஓட்டும்படியும் அதனிடம் சொல்லலாம். ஒரு சோதனை விட்டுச்சென்ற மிச்சத்தை நம்பி மற்றொன்று தேறிவந்த ரகசியம் அப்போது வெளிப்படும். எதிர்பார்க்கும் விடையைச் செயலி தந்த பிறகு அதைப் பார்த்து எழுதாமல், முன்னதாகவே எழுதிவைப்பது உத்தமம். இல்லையேல் பிழையே விடையாகப் பதிவாகிவிடும்.

சோதனைகள் எல்லாம் தேறிவிட்டதனால் செயலியில் குற்றமே இல்லை என்று கொள்வது பேதைமை. கேட்ட கேள்விக்கு மட்டுமே அவை விடை சொல்லும். கேட்கப்படாத கேள்விகளுள் தமிழுக்கு உரியவற்றை, கொற்கையைத் தட்டச்சு செய்து அறியாத தூரதேசத்து நிரலாளர் நமக்காகக் கேட்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆகவே இக்கரையோரத்துக் கல்லூரிகளில் நூலகச் செயலியைப் பராமரிக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தமிழ்த் தேடல் பிழைத்தது என்று அறிந்தால், முறையீட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், அப்பிழையைக் காட்டும் ஒரு சோதனையை எழுதி மூலத் திட்டத்துக்கு அனுப்புங்கள். அது ஏற்கப்பட்டுவிட்டால், அதே பிழை மீண்டும் தலையெடுக்கும் நாளில் அதை முதலில் காண்பவர் திருத்தம் எழுதியவராகவே இருப்பார்.