கடும் மனச்சோர்வு: தூத்துக்குடிக் கடலோரக் குடும்பங்களுக்குச் சட்டம் தரும் உரிமைகளும் மீளும் வழிகளும்

மனச்சோர்வு முற்றினால் முதலில் கைவிட்டுப் போவது அன்றாட வேலை செய்யும் திறன். குளிப்பது, உலை வைப்பது, வந்த போனை எடுத்துப் பேசுவதுகூட மலைப்பாகிவிடும். நாள் முழுதும் மனம் கனத்துக் கிடப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, விடியுமுன் விழித்து மறுபடி தூங்க முடியாதது, பசியின்மை, தான் எல்லோருக்கும் பாரம் என்ற குற்ற உணர்வு, செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஆகியவற்றில் பல சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர்கள் அதை நோயாகக் கணிக்கிறார்கள். தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வருவதில்லை.

வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை நீளும் தூத்துக்குடிக் கடலோரத்தில் இந்த நோயை இனம் காண்பது கூடுதல் சிரமம். முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுவிட்டது. சங்குகுளி, நாட்டுப்படகு, விசைப்படகு, துறைமுகச் சுமை வேலை, உப்பளம் என இன்றைய பிழைப்பும் உடலை நம்பியே நடக்கிறது. கடலுக்குப் போனவருக்குத்தான் பங்கு. உப்பள வரப்பில் நின்றவருக்குத்தான் கூலி. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை, அதன்பின் மழைக்காலத்தில் உப்பள வேலை நிறுத்தம் என்று வருமானமில்லா மாதங்கள் ஏற்கெனவே உண்டு. இந்த நிலையில் காலையில் எழ முடியாத ஆண் சோம்பேறி என்றும், அடுப்படியில் நிற்க முடியாத பெண் பொறுப்பில்லாதவள் என்றும் பெயர் வாங்குகிறார்கள். நோயாளியே தன்னை அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார். அந்த நினைப்பு நோயின் அறிகுறிகளில் ஒன்று என்பதைக் குடும்பம் தெரிந்துகொள்வது சிகிச்சையில் பாதி.

மனதில் உள்ளதைச் சொல்ல முடியாதவர்கள் உடம்பைச் சொல்கிறார்கள். நெஞ்சு படபடப்பு, தலைபாரம், உடம்பெல்லாம் வலி என்று போகும் பெண்ணுக்கு ஓர் ஊசி போட்டு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்புவது வழக்கமாக நடக்கிறது. இரண்டு நாளில் அதே வலி திரும்பும். செய்வினை என்று பரிகாரத்துக்கு அலைவதும், “ஒரு கல்யாணம் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்” என்று அவசரமாக மணமுடிப்பதும் இதற்கு அடுத்த கட்டம். அந்தத் திருமணம் நோயைத் தீர்ப்பதில்லை. இன்னொருவரையும் அதன் பாரத்துக்குள் இழுத்துவிடுகிறது.

வேலை நின்றால் படகு முதலாளியிடம் வாங்கிய முன்பணமும் மகளிர் குழுக் கடனும் ஏறி நிற்கும். தூக்கத்துக்காகத் தொடங்கும் குடி மனச்சோர்வை இன்னும் ஆழமாக்கும். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து தற்கொலை. “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடும் என்ற பயம் தவறு. கேட்பதால் எண்ணம் விதைக்கப்படுவதில்லை. பெரும்பாலும் வாய்விட்டுப் பேச வழி பிறக்கிறது. ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல், மாத்திரைகளையும் ஆபத்தான பொருட்களையும் வேறொருவர் பொறுப்பில் வைத்து, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

கவனிப்பு என்ற பெயரில் நடக்கும் கொடுமை எங்கே போய் முடியும் என்பதற்கு இதே கடலோரத்தில், பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்தில் சாட்சி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு தனியார் மனநல விடுதி தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. கோயில், தர்கா, மாதா சன்னதி எங்கே போய் வேண்டிக்கொள்வதும் அவரவர் நம்பிக்கை. வேண்டுதலோடு மாத்திரையும் தொடர்ந்தால் போதும். சங்கிலி மட்டும் எங்கும் கூடாது.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் மேலும் பல உரிமைகளைத் தருகிறது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அது இலவசம். நோய் விவரத்தை மருத்துவமனை பொதுவாக வெளியே சொல்லக்கூடாது. தான் பேச முடியாத நிலைக்குப் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் முடிவெடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். “கரண்டு வச்சிருவாங்க” என்ற பயத்தால் ஆஸ்பத்திரிப் பக்கமே வராதவர்கள் உண்டு. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின்னதிர்வுச் சிகிச்சை தருவதைச் சட்டமே தடுத்திருக்கிறது. முறையாகத் தரப்படும்போது, உண்ணாமல் உறங்காமல் உயிருக்கே ஆபத்தான நிலையில் இருப்பவரை மீட்பதில் அது மிகுந்த பலன் தரும் சிகிச்சை.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைப் போலீசுக்குப் பயந்து வீட்டிலேயே மறைத்து வைக்கும் பழக்கம் உயிரைக் குடிக்கிறது. அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு அனுமானிக்கிறது. அவருக்குக் கவனிப்பும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவே இல்லை. உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்பதும் சட்டம். ஆலையில் வேலை செய்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் கட்டுபவர், தகுதிக்கான பிடித்தக் காலம் நிறைந்திருந்தால், மருத்துவச் சான்றோடு ஆண்டில் 91 நாள் வரை நோய்க்கால உதவித்தொகை பெறலாம். உரிமை மறுக்கப்பட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். அதற்கான தொலைபேசி எண் 15100.

சிகிச்சைக்குத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்த நாளில் எந்தத் தாலுகா மருத்துவமனைக்கு வருகிறது என்பதை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மாத்திரை பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குணம் தெரிந்த பின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். தடைக்காலம் முடிந்து படகு கிளம்பும்போது, தெம்பு வந்துவிட்டது என்று தானாக நிறுத்துவது நோய் திரும்ப வழி செய்யும்.

தொழிலை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தூக்கம் தரும் மாத்திரையோடு சங்கு குளிக்க இறங்குவதும் இரவில் படகு ஓட்டுவதும் ஆபத்து. லித்தியம் எடுப்பவர் உப்பள வெயிலில் வியர்த்து உடலில் நீர் குறைந்தால், ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறி நஞ்சாகக்கூடும். மருத்துவரைக் கேட்டு நேரத்தையோ மருந்தையோ மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டில் செய்யக்கூடியது, கடமைகளைச் சில மாதத்துக்குப் பங்கிட்டுக்கொள்வது. கடன் தவணை, பிள்ளைகள் படிப்பு, சொந்தத்தில் வரும் சீர், மொய் ஆகியவற்றை வேறொருவர் ஏற்க வேண்டும். நோயாளியிடம் சிறு வேலை ஒன்றை மட்டும் விட்டுவைக்கலாம். “மனசைத் தைரியமா வச்சுக்கோ” என்ற புத்திமதியைவிட, மாத்திரை நேரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீரோடு பக்கத்தில் உட்கார்வது அவருக்கு உதவும்.

மருத்துவமனைக்குக் கிளம்பவே தயங்குபவர்கள் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கட்டும். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், நோயாளிக்குப் பதிலாக வீட்டாரும் பேசலாம்.