மாணவரின் வாய்மொழி ஆய்வுரை

இறையியல் மாணவர் ஒருவரை ஆய்வுரை வழங்குமாறு பணித்தால், பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது ஒரு பிரசங்கமே. குரல் உயர்கிறது; மூன்று தலைப்புகள் வருகின்றன; முடிவில் வேண்டுகோளும் வந்துவிடுகிறது. குறை மாணவரிடத்தில் மட்டுமன்று, பொருளைத் தெரிந்து கொடுத்த நம்மிடத்திலும் உண்டு. 'தமிழ் வேதாகம வரலாறு' என்று கொடுத்துவிட்டால், சீகன்பால்கு 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியது தொடங்கி, ஒரு மணி நேரம் அறிந்ததையே கேட்டுக்கொண்டிருப்போம்.

பொருள் சிறிதாயிருத்தல் வேண்டும். மூலநூலைத் திறந்தாலன்றி விடை காண இயலாததாயும் இருத்தல் வேண்டும். சான்றாக, யாத்திராகமம் 20:3 ஐ எடுத்துக்கொள்வோம். எபிரெயத்தில் இஸ்ரவேலின் கடவுளுக்கும் புறவினத்தாரின் தெய்வங்களுக்கும் 'ஏலோகீம்' என்னும் ஒரே சொல் வழங்குகிறது. பவர் ஐயர் தலைமையில் உருவாகி 1871 இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு, 'தேவன்', 'தேவர்கள்' என ஒரே சொல்லின் ஒருமையாலும் பன்மையாலும் இதனைக் காட்டுகிறது. 1995 இல் பொது மொழிபெயர்ப்பாக வந்த திருவிவிலியமோ 'கடவுள்', 'தெய்வங்கள்' எனச் சொற்களையே பிரித்துவிடுகிறது. இவற்றிற்கு முன்னரே 'பராபரன்' என்னும் சொல்லை ஆண்ட பெப்ரிசியுஸ் இவ்விடத்தில் என்ன செய்தார்? மாணவர் நூலகத்திற்குச் சென்று பார்க்கட்டும். எது மூலத்திற்கு நெருக்கம், எது தமிழ்ச் செவிக்குத் தெளிவு என்பதை இருபது நிமிடங்களில் உரைக்கட்டும். இதனைப் பிரசங்கமாக்குதல் எளிதன்று.

உரையின் சுருக்கத்தையும் பார்த்த நூல்களின் பட்டியலையும் ஒரு வாரத்திற்கு முன்னரே உடன்மாணவர் ஒருவரிடம் ஒப்படைக்கச் செய்கிறோம். அவரே முதற்கேள்வி கேட்க வேண்டியவர். எழுதி வந்ததை முழுவதும் வாசிக்க நாம் இடங்கொடுப்பதில்லை; வாசிக்கத் தொடங்கினால் கேட்போர் கண் சன்னலை நாடும்.

ஒருமுறை, கிரேக்கச் சொல் ஒன்றிற்கு மாணவர் ஒருவர் மிக உறுதியாகப் பொருள் கூறினார். "இதை எங்கே கண்டீர்?" என்றார் உடன்மாணவர். குறிப்பேட்டைப் புரட்டினார், கிடைக்கவில்லை. சிறு வயதில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் கேட்டது என்று பின்னர் ஒப்புக்கொண்டார். அந்த அரை நிமிட அமைதி நமக்கும் வேதனையாகவே இருந்தது. ஆயினும் அவர் ஆயராகிச் சபைக்குச் சென்றபின் அக்கேள்வியை எவரும் எழுப்பார். பிரசங்க பீடத்தில் நிற்பவரை இடைமறிப்பது நம் வழக்கமன்று. அவர் சொன்ன பொருளே முப்பது ஆண்டுகள் அச்சபையில் நிலைத்திருக்கும்.

ஆதலால் மதிப்பெண்களில் பாதியைக் கேள்வி நேரத்திற்கு ஒதுக்குகிறோம். "தெரியாது, பார்த்துச் சொல்லுகிறேன்" என்றவர் மறுவாரம் பார்த்து வந்து சொன்னால், அதில் ஒன்றும் குறைப்பதில்லை.